வெற்றிலைக்குத் தடை போட்ட வார்டு

சென்ற மாதம் பயிற்சி முடித்த நர்ஸ் பெண்களுக்கு வாழ்த்துச் சொல்ல, ஓய்வுபெற்ற எங்களைப் போன்ற நாலு கிழங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். டீயும் சமோசாவும் ஆன பிறகு ஓர் இளம் டாக்டர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார். உணவுக்குழாயில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவருக்குச் சில நாள் கழித்துப் பக்கத்திலிருந்த பெரிய ரத்தக்குழாய் அரித்துப்போய் ஓட்டை விழுந்துவிட்டதாம். தொடை வழியாக மெல்லிய கம்பியை விட்டு, துணி போர்த்திய ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் ஒன்றை உள்ளே கொண்டுபோய் விரித்து, ஓட்டையை அடைத்துவிட்டார்களாம். கத்தியே வைக்கவில்லை. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார் என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"உங்க காலத்துல இப்படி ஒரு கேஸ் வந்தா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"விரலை வைப்போம்" என்றேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் பாவம், சின்னப் பெண்கள், சமோசா வேறு வாயில். அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் போளூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர். வேலூரில் படித்த பயிற்சிக் காலத்திலிருந்து இன்றைக்கு நினைவில் மிஞ்சியிருப்பது படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் விதமும், ஹாஸ்டல் வார்டனின் செருப்புச் சத்தமும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். பார்த்த மாத்திரத்தில் என்னைத் தியேட்டருக்குப் போட்டார்கள். திறமையைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. மேல் அலமாரியில் இருந்த, ஆவியில் சுத்தம் செய்த துணி வைக்கும் டிரம்மை ஸ்டூல் இல்லாமல் எடுக்க அங்கே ஆளில்லை.

டாக்டர் ஏகாம்பரம் பிறகு வந்தார். அவர் குள்ளம். ஆபரேஷன் மேஜைக்கு முன்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல்தான் நிற்பார். "சரோஜா சிஸ்டர், நம்ம ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டா பிரிச்சா கவர்மென்ட் மேஜைக்குச் சரியா இருக்கும்" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. நிலைமை மோசமாக ஆக, அவர் மெதுவாக ஆவார். சாதாரண நாளில் "கத்தரி" என்று கையை மட்டும் நீட்டுகிறவர், ரத்தம் பீறிடும்போது "கொஞ்சம் அந்தக் கத்தரியைக் குடுக்கறீங்களா?" என்பார். அந்த மரியாதையைக் கேட்டாலே நாங்கள் ரத்த பாட்டிலைத் தேடுவோம். "அவசரமா இருக்கு, அதனால மெதுவா செய்யுங்க" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

தொண்டை, உணவுக்குழாய் கேஸ்கள் எங்களுக்கு நிறைய வரும். எலும்பு சிக்கியவர்கள், காசை விழுங்கிய பிள்ளைகள், வீட்டுச் சண்டையில் ஆசிட்டைக் குடித்துவிட்ட பெண்கள். அந்த வார்டுக்கு டாக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். உணவுக்குழாயில் நாங்கள் கை வைத்த நோயாளி எவரானாலும் அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம் இருக்க வேண்டும். எச்சிலை அதில்தான் துப்ப வேண்டும். அதைத் தினமும் காலையில் அவரே பார்ப்பார். அப்புறம், வார்டுக்குள் வெற்றிலை கூடாது. நோயாளிக்கு மட்டும் இல்லை. கூட இருப்பவர், பார்க்க வருபவர், கூட்டுகிறவர், நாங்கள், எல்லோருக்கும் தடை.

எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பெண்களுக்குச் சொன்னால் புரியாது. வெற்றிலை நீட்டாத வீட்டில் அந்தக் காலத்தில் பெண்ணே எடுக்க மாட்டார்கள். பெரிய கோயில் குருக்கள் ஒருவர், படுத்திருந்த தம் அண்ணனுக்குத் திருநீறு கொண்டுவந்தார். டாக்டர் வாசலிலேயே கும்பிட்டு நிறுத்திவிட்டார். "திருநீறு உள்ள வரலாங்க சாமி. வெத்தலைப் பை வெளிய இருக்கட்டும்." குருக்களுக்கு முகம் சிவந்தது. "சன்னிதியில கூட என்ன யாரும் இப்படித் தடுத்ததில்ல" என்றார். ஆனாலும் பையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

காரணத்தை டாக்டர் ஒரே ஒருமுறை, கை கழுவிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். இதற்கு முன் அவர் வேலை பார்த்த ஊரில் ஓர் இளைஞனுக்குக் கழுத்தைத் திறந்து உணவுக்குழாயில் ஆபரேஷன். நன்றாகத் தேறி வந்தான். ஒரு நாள் காலையில் அவன் கட்டிலடியில் இருந்த மண் சட்டியில் சிவப்பாகக் கிடந்தது. வார்டு முழுக்க வெற்றிலை போடுகிற கூட்டம். யாரோ துப்பியிருப்பார்கள் என்று எல்லோரும் போய்விட்டார்கள்.

"நானும்தான் பாத்தேன் சிஸ்டர். அப்ப என் வாயிலயும் வெத்தலை இருந்துச்சு. எல்லாமே ஒரே சிவப்பாத் தெரிஞ்சுது."

மறுநாள் அந்தப் பையன் பேசிக்கொண்டிருக்கும்போதே ரத்தமாகக் கக்கி, யாரும் கட்டிலருகே ஓடிவருவதற்குள் போய்விட்டான். ஆபரேஷன் செய்த இடத்தில் துளி கசிந்து, சீழ் பிடித்து, பக்கத்து ரத்தக்குழாயின் சுவரை அரித்திருக்கிறது. இது அபூர்வமாகத்தான் வரும். வந்தால் முதலில் ஒரு வாய் ரத்தம் மட்டும் வெளியே வரும். பிறகு உறைந்து தானாக அடைத்துக்கொள்ளும். நோயாளி எழுந்து நடப்பார், கஞ்சி குடிப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்பார். அந்த அடைப்பு விலகும்போது முடிந்துவிடும்.

"நடுவுல ஒரு நேரம் குடுக்குது பாருங்க, அதுதான் நமக்கு. அதை நான் வெத்தலைக்கு விட்டுட்டேன்" என்றார். அன்றோடு அவர் வெற்றிலையை விட்டிருக்கிறார். தஞ்சாவூர்க்காரர், வெற்றிலை இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கியதே பெரிய விஷயம்.

இனி பச்சையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பது தாண்டிய விவசாய வீட்டுப் பெண். குரல் என்றால் அப்படி ஒரு குரல். வார்டில் பேசினால் வாசலில் நிற்கும் பஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். உறவில் ஒரு கல்யாணப் பந்தியில் ஏதோ கேலிக்கு விழுந்து விழுந்து சிரித்து, வாயிலிருந்த வடையோடு தன் கட்டுப்பல்லையும் விழுங்கிவிட்டாள். இரண்டு பல், அதைப் பிடிக்க ஒரு வளைந்த கம்பி. அந்தக் கம்பி உணவுக்குழாயின் சுவரில் குத்தி நின்றுகொண்டது. வாய் வழியாகக் குழாய் விட்டு இழுத்துப் பார்த்தும் வரவில்லை. இடதுபக்கக் கழுத்தைத் திறந்து டாக்டர் எடுத்தார். கண் விழித்துப் பேச வந்ததும் அவள் முதலில் கேட்டது, "அதைக் கழுவிக் குடுத்துடுங்க டாக்டரே, நல்ல பல்லு" என்றுதான். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கீழே விழுந்தது.

மூக்குக் குழாயை எடுத்ததும் கஞ்சி குடிக்க ஆரம்பித்தாள். லேசான காய்ச்சல் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. அது டாக்டருக்குப் பிடிக்கவில்லை. கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி முதல் தீபத்துக்கு மகளும் மருமகனும் வருகிறார்கள் என்று பச்சையம்மா நாளெல்லாம் வீட்டுக்கு விடச் சொல்லி நச்சரித்தாள். "தீபத்தன்னிக்குக் காலைல பாத்துட்டு அனுப்பறேன்" என்று டாக்டர் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

தீபத்தன்று காலையில் நான் வார்டுக்குப் போனபோது பச்சையம்மா தலை சீவிப் பூ வைத்திருந்தாள். அவள் கணவர் ஏழுமலை பையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வெள்ளைக் கிண்ணத்தை இழுத்தேன். உள்ளே சிவப்பு.

"திட்டாதீங்க சிஸ்டரம்மா" என்று முந்திக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய் வெத்தலை போட்டுட்டேன்."

"நான்தாங்க குடுத்தேன்" என்றார் ஏழுமலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. பச்சையம்மா அத்தனையையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள், இன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை?

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். கிண்ணத்தை மோந்து பார்த்தார். சுண்ணாம்பு வாசனை இல்லை. இலைத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் உக்காருவோம். வெத்தலைன்னா இது தண்ணியாவே இருக்கும். ரத்தம்னா உறைஞ்சிடும்."

வெளியே தெருவில் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. உள்ளே நாங்கள் நாலு பேரும் ஓர் எச்சில் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் பிறகு எழுந்து அதை மெல்லச் சாய்த்தார். உள்ளே இருந்தது ஓடவில்லை. நுங்கு மாதிரி மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்தது.

பச்சையம்மா உடைந்துவிட்டாள். "மருமகப்புள்ள மொத மொதல்ல வராருங்க. ரத்தம்னு சொன்னா உட மாட்டீங்கன்னுதான் இவரையும் அப்படிச் சொல்லச் சொன்னேன். கொஞ்சூண்டுதான் டாக்டரே வந்துச்சு. அப்பவே நின்னுட்டுது."

"நின்னுட்டுதேன்னுதாம்மா எனக்குப் பயம்" என்றார் டாக்டர்.

ஏழுமலையை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பேசினார். பெரிய ஊருக்கு அனுப்பலாமா என்றால் வேலூர் ரோடு முழுக்க வண்டியும் ஜனமும். வழியில் அந்த அடைப்பு விலகினால் வேனில் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"இங்கயே பண்ணா பொழைச்சிடுவாளாங்க?" என்றார் ஏழுமலை.

"தெரியலீங்க. அனுப்பினா பொழைக்க மாட்டாங்கன்னு மட்டும் தெரியுது."

ஏழுமலை மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு, "பண்ணிடுங்க" என்றார்.

ரத்தம் வேண்டும். ஊரிலிருந்து தீபத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். விசாரித்தால் எல்லோரும் விரதம். மலையில் தீபம் ஏறாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். "இவங்ககிட்ட எடுத்தா இவங்களையும் படுக்க வைக்கணும். என்கிட்ட அவ்வளவு கட்டில் இல்ல" என்று டாக்டர் தலையில் கை வைத்தார். பிறகு சட்டென்று ஏதோ தோன்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தபோது பின்னால் ஒரு போலீஸ் வரிசை. எங்கெங்கோ இருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர்கள், தெருமுனைப் பந்தலில் பொங்கல் பொட்டலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். முறுக்கு மீசை வைத்த ஒரு ஏட்டு மட்டும் என்னிடம் ரகசியமாக, "சிஸ்டர், எனக்கு ஊசின்னா ஆகாதுங்க. திருடனோட சண்டை போடச் சொல்லுங்க, போறேன்" என்றார். பரிசோதித்துப் பார்த்ததில் அவர் ரத்தமும் பச்சையம்மாவுக்குச் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே கொடுத்தார். புண்ணியவான், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மதியத்துக்கு மேல் தியேட்டரில் படுக்க வைத்தோம். டாக்டர் பலகைமேல் ஏறினார். பழைய தையலைப் பிரித்து, தசையை விலக்கி, உள்ளே போகப் போக அவர் பேச்சில் மரியாதை ஏறிக்கொண்டே போனது. உணவுக்குழாயின் தையலுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குழைந்த இடம். அதை ஒட்டிக் கறுப்பாக ஒரு ரத்தக்கட்டி. அதற்கு அடியில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். ரத்தக்கட்டியைத் தொடவே இல்லை அவர். முதலில் குழாயின் கீழ்ப்பக்கத்தில் ஒரு நாடாவைச் சுற்ற வேண்டும், பிறகு மேல்பக்கத்தில். இரண்டையும் இறுக்கினால் வாய்க்காலில் மடை அடைத்த மாதிரி, நடுவில் இருக்கும் ஓட்டையை நிதானமாகத் தைக்கலாம். கீழ் நாடா போட்டாயிற்று. மேல் நாடாவுக்கு வழி தேடும்போது பச்சையம்மா லேசாக இருமினாள்.

கட்டி விலகியது. ரத்தம் டாக்டரின் முகமூடியில் அடித்தது. கீழ் நாடாவை இறுக்கியும் நிற்கவில்லை, மேலிருந்து திரும்பி வந்தது. எதுவும் தெரியவில்லை.

"சரோஜா சிஸ்டர், உங்க விரலைக் கொஞ்சம் இங்க வைக்கறீங்களா?" என்றார் டாக்டர். கோயிலில் பிரசாதத்துக்குக் கை நீட்டச் சொல்கிற மாதிரி அவ்வளவு பணிவாக.

வைத்தேன். ஆள்காட்டி விரலின் நுனிக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. எள்ளை விடக் கொஞ்சம் பெரிது. அழுத்தினால் நிற்கிறது. ஜாஸ்தி அழுத்தினால் குழாயே கிழிந்துவிடும், கம்மியானால் பீறிடுகிறது. விரலில் துடிப்பு தட்டிக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பு தட்டும்வரை பச்சையம்மா இருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. இரண்டு கையும் கட்டுண்டிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. மயக்க டாக்டர்தான் பஞ்சால் துடைத்துவிட்டார்.

மேல் நாடாவும் போட்ட பிறகு டாக்டர் கொஞ்சம் நின்றார். மயக்க டாக்டர் மெல்ல, "கட்டிடலாமே சார்" என்றார். குழாயை இரண்டு பக்கமும் இறுகக் கட்டி முடித்துவிட்டால் ரத்தம் நிச்சயம் நிற்கும், உயிர் தங்கும். ஆனால் அது இடதுபக்கக் குழாய். அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் குறைந்தால் வலது கை, கால் போகலாம். பேச்சு போகலாம். தைத்தால் அதெல்லாம் போகாது. ஆனால் சீழ் பிடித்த இடத்தில் போட்ட தையல் திரும்பவும் விட்டுப்போனால் உயிர் போய்விடும்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இந்தம்மாவுக்குப் பேச்சு இல்லாம உசுர மட்டும் குடுத்தா, என்னை உட்டுடுவாங்கன்னு நினைக்கறீங்களா?"

அத்தனை வருஷத்தில் அவர் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்து அன்றுதான் கேட்டேன். "உட மாட்டாங்க சார்" என்றேன்.

"அப்ப கண் ஆபரேஷனுக்கு வச்சிருக்கற பட்டு நூல் கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?"

அரித்த விளிம்பைக் கழித்துவிட்டு, தலைமுடிக் கனமே இருந்த அந்த நூலால் குறுக்கே தைத்தார். ஒவ்வொரு முடிச்சையும் குழந்தையின் மூக்குத்தியைத் திருகுவது போல் அவ்வளவு பதமாகப் போட்டார். பிறகு கழுத்துத் தசையில் ஒரு பட்டையை, ஒரு முனை மட்டும் ஒட்டியிருக்கும்படி பிரித்து எடுத்து, உணவுக்குழாய்க்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் சுவர் மாதிரி வைத்துத் தைத்தார். இனி எச்சில் கசிந்தாலும் அந்தக் குழாயைத் தொடாது. மேல் நாடாவைத் தளர்த்தினார். கீழ் நாடாவைத் தளர்த்தினார். குழாய் நிறைந்து, துடித்தது. ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை.

தோலைத் தைத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஊரே ஒரே குரலாக அரோகரா என்று அலறியது. எங்கள் தியேட்டர் ஜன்னலில் மலை தெரியாது. டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "தீபம் ஏத்திட்டாங்க போல. நாமளும் முடிச்சிட்டோம், நூலை வெட்டுங்க" என்றார். வெட்டினேன்.

அவள் கண் விழிக்கும்வரை நாங்கள் யாரும் உடை மாற்றவில்லை. வலது கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். தூக்கினாள். காலை மடக்கினாள். பேசுவாளா என்று குனிந்து நின்றோம். உதட்டை நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, கரகரவென்று கேட்டாள்: "மருமகப்புள்ள சாப்ட்டாரா?"

டாக்டர் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். மருமகன் வராந்தாவில், மாமனாரோடு சேர்ந்து ஏட்டு கொடுத்த பொங்கல் பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தான்.

வெள்ளைக் கிண்ணம் அதற்கப்புறம் வெள்ளையாகவே இருந்தது. டாக்டர் தினமும் அதைப் பார்த்தார். அவள் வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் பழக்கதோஷத்தில் காலிக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தீபத்துக்கும் பச்சையம்மா எங்களுக்கு வேர்க்கடலை கொண்டுவருவாள். "எம் ஒடம்புல ஓடறது போலீஸ் ரத்தம், பாத்துப் பேசுங்க" என்று வார்டில் எல்லோரையும் மிரட்டுவாள்.

எண்பதுகளின் நடுவில் டாக்டர் ஏகாம்பரம் ஓய்வு பெற்றார். மாலை மரியாதை எல்லாம் முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில் பச்சையம்மா ஏழுமலையோடு வந்தாள். தட்டு நிறையக் கொழுந்து வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு.

"இன்னியோட உங்களுக்கு வார்டு இல்ல டாக்டரே. இப்பப் போடுங்க."

அவர் வேண்டாம் என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து, வேட்டியில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவினார். அத்தனை வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. மென்றுகொண்டே என்னிடம் சைகை காட்டினார். எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் ஒரு வெள்ளைக் கிண்ணம் எடுத்துவந்தேன்.

அதில் துப்பினார். ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்களும் நின்றோம். நேரம் போனது. எழுந்து கிண்ணத்தைச் சாய்த்தார். சிவப்பு, தண்ணீராக ஓடி மறுபக்கம் சேர்ந்தது.

"வெத்தலைதான்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். எனக்கும் தாங்கவில்லை. பழைய ஊரில் போய்விட்ட அந்தப் பையனை நினைத்துத்தான் அழுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

பச்சையம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. முந்தானையை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, வாசலில் நிற்கிற பஸ்காரனுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் அன்னிக்கே வெத்தலைன்னுதான் சொன்னேன். நல்லவேளை, நீங்க நம்பல."